கன்னிமூலை நிழல்

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் வெயில் எங்கே விழும் என்று எனக்குத் தெரியாதாம். பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் ஓய்வு பெறும்வரை பூகோளம் சொல்லிக்கொடுத்தவள் நான். கடகரேகை, மகரரேகை என்று கத்திக் கத்தியே தொண்டை கெட்டுப்போனவள். சரி, பாடம் சொன்னவளுக்குத் தெரியாது என்றே வைத்துக்கொள்வோம். அந்த மாடியில் இத்தனை வருஷம் துணி காயப்போட்டது யார்? மோர்மிளகாய்ப் பாயை நிழலிலிருந்து வெயிலுக்கு இழுத்து இழுத்துப் போட்டது யார்? புது வருஷப் பட்டாசு பார்க்க மட்டும் மாடி ஏறுகிற ஆண்கள், ஒருநாள் அங்கே கூடி நின்று சூரியன் எங்கே நிற்கும் என்று தீர்மானித்தார்கள். என்னிடம் காப்பி கேட்டார்கள்.

இதை எழுதும்போதும் பேனா தாளைக் கிழிக்கிறது. வயசினால் அல்ல, கோபத்தினால்தான்.

என் கணவருக்குக் கொரோனா வந்து போனது. அது போகும்போது நுரையீரலையும் பாதி கொண்டுபோய்விட்டது. பஞ்சு மாதிரி இருக்கவேண்டியது நார் மாதிரி ஆகிவிட்டது என்று டாக்டர் படம் காட்டிச் சொன்னார். அன்றிலிருந்து மூக்கில் குழாயும், கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷினுமாக வாழ்கிறார். மெஷின் இரவும் பகலும் ஓடவேண்டும். அதற்குக் கரண்டு வேண்டும். எங்கள் ஊர்க் கரண்டைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். ஆடிக் காற்றில் போகும், ஐப்பசி மழையில் போகும். காற்றும் மழையும் இல்லாத நாளில், மாதம் ஒருமுறை பராமரிப்பு என்று காலையிலிருந்து சாயங்காலம் ஐந்து மணிவரை போகும். எந்தெந்தத் தெருவுக்கு என்று பேப்பரில் போட்டிருப்பார்கள். எங்கள் தெருவின் பெயர் இருக்கிறதா என்றுதான் முதலில் தேடுவேன். வீட்டிலிருந்த பழைய இன்வெர்ட்டர் மதியம்வரைகூடத் தாங்காது. மூலையில் ஒரு சின்ன சிலிண்டர் அவசரத்துக்கு நிற்கும், அவ்வளவுதான்.

அதனால்தான் சோலார் போடுவது என்று முடிவு செய்தேன். பெரிய பேட்டரியோடு. கரண்டு இல்லாவிட்டாலும் மாடியில் வெயில் இருக்கிறவரை மெஷின் ஓடும், வெயில் போனபிறகு பேட்டரியில் ஓடும். எனக்கு வேண்டியது இது ஒன்றுதான். உலகத்தைக் காப்பாற்றவோ கரண்டு பில்லைக் குறைக்கவோ நான் கிளம்பவில்லை.

எங்கள் மாடியைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். கிழக்கே பக்கத்து வீட்டுக்காரர் மூன்று மாடி எழுப்பிவிட்டார். அந்தச் சுவரைத் தாண்டி வெயில் எங்களிடம் வர, காலையில் பத்து மணி ஆகிவிடும். ஆகவே எங்களுக்குப் பிழைப்பே மதிய வெயில்தான். தென்மேற்கு மூலையில் தண்ணீர் டேங்க், முழங்கால் உயரத் திண்டின்மேல் உட்கார்ந்திருந்தது. அதற்கு வடகிழக்கே இருந்த வெற்றிடத்தில்தான் பலகைகள் வரவேண்டும். வேறு இடம் கிடையாது.

சோலார் போடுகிறவர் ஆனி மாதத்தில் வந்தார். முப்பத்தைந்து வயசிருக்கும், வண்ணாரப்பேட்டைக்காரர், வேலை தெரிந்த ஆள். அவர் வருகிறார் என்று தெரிந்ததும் என் கணவரின் அண்ணனும் வந்துவிட்டார். நான் அவரைப் பெரியத்தான் என்று கூப்பிடுவேன். என் கணவரைத் தூக்கி வளர்த்தவர். தம்பி வீட்டில் ஆணி அடிக்கவேண்டுமென்றாலும் அவர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்துத்தான் அடிக்கவேண்டும்.

கணவரால் படி ஏற முடியாது. நான், பெரியத்தான், சோலார்க்காரர் மூவரும் மாடியில் நின்றோம்.

"அண்ணாச்சி, நம்ம ஊருக்கு தெக்கு பாத்து வைக்கணும்" என்றார் சோலார்க்காரர். கேட்டு அழைத்தவள் நான். அவர் சொன்னது அண்ணாச்சியிடம். "பத்து டிகிரி சாச்சா போதும். வடக்குப் பக்கத்தை கொஞ்சம் தூக்கி, தெக்குப் பக்கத்தைத் தாழ்த்தி வச்சிருவோம். மழை பெஞ்சா தூசியும் வழிஞ்சு போயிரும்."

"என்ன சொல்லுதீரு? வடக்க தூக்கியா? தெக்க தாழ்த்தியா?"

"ஆமா, அண்ணாச்சி."

"கன்னிமூலை தாழ்ந்துரும்லா வே."

எனக்கு அப்போதே தலை சூடாகிவிட்டது. கன்னிமூலை என்றால் தென்மேற்கு மூலை. வீட்டிலேயே அதுதான் உயரமாக இருக்கவேண்டும், அது தாழ்ந்தால் வீட்டுத் தலைவனுக்கு ஆகாது என்பது இங்கே எல்லோர் மண்டையிலும் ஏறிப்போன விஷயம். நாங்கள் நாலு தலைமுறையாகக் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர்கள். சர்ச்சைத்தான் நாங்கள் கோயில் என்போம். பெரியத்தான் அந்தக் கோயிலில் கமிட்டிக்காரர். ஐயர், அதாவது பாதிரியார், ஊரில் இல்லாத ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் பண்ணுகிறவர். ராகுகாலம் பார்க்காதே, ஜாதகம் பார்க்காதே, சகுனம் பார்க்காதே என்று மேடையைத் தட்டித் தட்டிப் பேசுவார். ஊருக்குத்தான் உபதேசம். கன்னிமூலையை மட்டும் கேட்டால், "அது ஜோசியம் இல்ல, அது கட்டடக் கணக்கு" என்பார். சபையில் யாரும் மறுத்துப் பேசியதில்லை. அத்தனை பேர் வீட்டிலும் டேங்க் தென்மேற்கு மூலையில்தானே இருக்கிறது.

"அப்ப வடக்கு பாத்து சாச்சிரும்" என்றார் பெரியத்தான். "பலகைக்கு எங்கிட்டு பாத்தா என்ன? வெயிலு எல்லா பக்கமும்தான் அடிக்கி."

"பெரியத்தான், வடக்கு பாத்து வச்சா ஐப்பசியிலேருந்து மாசி வரைக்கும் வெயில் பலகையில சரிஞ்சுதான் விழும். மழையும் அப்பதான். கரண்டு போறதும் அப்பதான்" என்றேன்.

அவர் சிரித்தார். என்னைத் துணி காயப்போடும் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் கூப்பிட்டார். "இங்கன வா. மணி பன்னெண்டரை. இந்தக் கம்பத்தோட நிழல் எங்கிட்டு விழுது?"

"தெக்க."

"அப்ப சூரியன் எங்க நிக்கி?"

"வடக்க."

"நீ படிச்சவ. நீயே சொல்லிட்ட" என்று சோலார்க்காரரைத் திரும்பிப் பார்த்தார்.

இந்த வாதம் டெல்லியில் நடந்திருக்காது. அங்கே நடுப்பகல் சூரியன் ஒருநாளும் வடக்கே போவதில்லை. நம் ஊர் பூமத்தியரேகைக்கு அவ்வளவு பக்கத்தில் கிடப்பதால், சித்திரைப் பிறப்பையொட்டி ஒருதரம், ஆவணி நடுவில் ஒருதரம் சூரியன் உச்சந்தலையைத் தாண்டிப் போகிறது. இடையில் உள்ள மாதங்களில் வடக்கே நிற்கிறது, மற்ற மாதங்களில் தெற்கே நிற்கிறது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உருண்டையைச் சுற்றிக் காட்டிப் புரியவைத்திருக்கிறேன். பெரியத்தானுக்கு நான் எதைச் சுற்றிக் காட்டுவது?

"இது ஆனி மாசம். மார்கழியில வந்து பாருங்க. இதே நிழல் வடக்க நீண்டு கெடக்கும்" என்றேன்.

"மார்கழிய மார்கழியில பாப்போம். நீ போய் காப்பி போடும்மா."

போனேன். போகாமல் அங்கேயே நின்றிருக்கவேண்டும். நான் கருப்பட்டியைத் தட்டிப்போட்டுக் காப்பி இறக்கி மேலே வருவதற்குள் இருவரும் சமரசம் ஆகிவிட்டார்கள். யோசனை சோலார்க்காரருடையது. பலகைகள் தெற்குப் பார்த்தே இருக்கட்டும். வடக்கு விளிம்பு உயர்ந்தால் உயரட்டும். அதைவிடக் கன்னிமூலை உயரமாக இருந்தால் போதும்தானே? அங்கே டேங்க் இருக்கிறது. நாலு தூண் எழுப்பி, டேங்கை ஆள் உயரத்துக்கு மேலே தூக்கி வைத்துவிட்டால் எல்லாவற்றையும்விட அதுதான் உயரம்.

"குழாயில தண்ணி வேகமாவும் வரும், அண்ணாச்சி."

"அப்படி வாரும் வழிக்கு" என்று பெரியத்தான் அவர் முதுகில் தட்டினார்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்று இதைத்தான் சொல்வார்கள். பலகையைச் சரியான திசையில் சரியான சாய்வில் வைப்பார்களாம். அதற்கும் மதியச் சூரியனுக்கும் நடுவில் ஒரு டேங்கை நிறுத்துவார்களாம்.

"நிழல்?" என்று கேட்டேன்.

சோலார்க்காரர் மூலையைப் பார்த்தார். "நிழல் அங்கிட்டுல்லா விழும், டீச்சர்" என்று தென்கிழக்கைக் காட்டினார். ஆனி மாதத்தில் அது சரிதான். மாலைச் சூரியன் வடமேற்கே இறங்கினால் நிழல் தென்கிழக்கே விழும். மார்கழியில் தென்மேற்கே இறங்கும், நிழல் வடகிழக்கே விழும், வடகிழக்கே பலகைகள் இருக்கும். இதைச் சொன்னேன். ஒரு பலகையில் நிழல் விழுந்தாலும் அந்த வரிசையே சோர்ந்துபோகும் என்று முதல்நாள் எனக்குச் சொன்னவர் இதே மனிதர்தான். அதையும் நினைவுபடுத்தினேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "மார்கழியில கொஞ்சம் கொறையும், டீச்சர். இல்லேங்கல. பெரியவங்க மனசு கஷ்டப்படக் கூடாதுல்லா."

தெரிந்தே சொன்னார். தெரியாமல் செய்திருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

கீழே வந்து கணவரிடம் முழுவதையும் சொன்னேன். "உங்க மூச்சு. நீங்க சொல்லுங்க" என்றேன். அவர் ஒரு வாக்கியத்தை இரண்டு மூன்று மூச்சாகப் பிரித்துத்தான் பேசுவார். "அண்ணன்... ஆசைக்கு... இருந்துட்டுப் போட்டும். பைய பாப்போம்."

பைய, அதாவது மெதுவாக. இந்த ஒரு சொல்லுக்காகவே திருநெல்வேலி ஆண்களைக் கூண்டோடு தாமிரபரணியில் முக்கி எடுக்கவேண்டும். எல்லாவற்றையும் பையப் பார்ப்பார்கள். மூச்சையுமா பையப் பார்ப்பது?

பெரியத்தான் தன் செலவிலேயே தூண்களை எழுப்பினார். நின்று வேலை வாங்கினார். கறுப்பு டேங்க் மேலே ஏறி உட்கார்ந்த அன்று, கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்று தம்பிக்காக ஜெபம் பண்ணினார். அவர் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்தும் எனக்குக் கோபம் இறங்கவில்லை. பாசம் இருக்கிறவர் செய்தால் நிழல் நிழல் இல்லாமல் போய்விடுமா?

ஆடியும் ஆவணியும் நன்றாகவே போயின. காற்றடித்துக் கரண்டு போனால் மெஷின் நிற்கவில்லை. பராமரிப்பு நாளிலும் நிற்கவில்லை. நான் இரவில் தூங்கினேன். பெரியத்தான் கோயில் வாசலில் போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்தி, தம்பி வீட்டு சோலாரைப் பற்றியும், அதற்காகத் தாம் கன்னிமூலையைச் சரிபண்ணியதைப் பற்றியும் சொன்னார். "டீச்சரு ஏதோ மார்கழி மார்கழின்னு பயந்தா" என்றும் சொன்னாராம். என் காதுக்கு அது வந்து சேர்ந்தது.

புரட்டாசி முடிகிற நேரத்தில் டேங்க் நிழலின் மூடிப்பாகம் பலகை இருக்கும் பக்கமாகத் திரும்ப ஆரம்பித்தது. பள்ளியிலிருந்து கொண்டுவந்த சாக்பீஸ் மிச்சம் இருந்தது. சாயங்காலம் மூன்று மணிக்கு மாடி ஏறி, நிழலின் விளிம்பில் தரையில் கோடு போட்டேன். அடுத்த வாரம் இன்னொரு கோடு. ஐப்பசியில் நிழல் கடைசிப் பலகையின் காலைத் தொட்டுவிட்டது. கணவரிடம் சொன்னேன். அவர், "பைய..." என்று ஆரம்பித்தார். நான் எழுந்து போய்விட்டேன். பெரியத்தானைக் கூப்பிட்டு மாடிக்கு அழைத்துப் போனேன். அதற்குள் மழை பெய்து கோடுகள் அழிந்திருந்தன. வானமும் மூடியிருந்தது. மூடிய வானத்தில் நிழலை எங்கே காட்டுவது?

"எங்க, காணுமே?" என்றார் அவர். கேலிக்குக் கேட்டாரா, உண்மையாகவே கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சோலார்க்காரருக்குப் போன் செய்தேன். வந்து பார்க்கிறேன், டீச்சர் என்றார். மழை விடட்டும், டீச்சர் என்றார். கிறிஸ்மஸ் போகட்டும், டீச்சர் என்றார்.

மார்கழியில் பராமரிப்பு நாள் வந்தது. முந்தின இரவு மழைக்குக் கரண்டு போய், மெஷின் வெகுநேரம் பேட்டரியில் ஓடியிருந்தது. விடியும் முன்னே பேட்டரி தீர்ந்து, கொஞ்ச நேரம் சிலிண்டரையும் திறக்கவேண்டி வந்தது. அப்புறம் வந்த கரண்டு, பேட்டரி நிறைவதற்கு முன்பே பராமரிப்புக்காகப் போய்விட்டது. ஆனாலும் எனக்குப் பெரிய பயம் இல்லை. மழை கழுவிவிட்ட வானம், ஒரு பொட்டு மேகம் கிடையாது. இப்படி ஒரு வெயில் போதும், மதியத்துக்குள் நிறைந்துவிடும் என்று நினைத்தேன்.

பக்கத்து வீட்டுச் சுவரைத் தாண்டி வெயில் வந்தது. மெஷினையும் ஓட்டிக்கொண்டு பேட்டரியும் மெல்ல ஏறியது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போய்ப் பார்த்தேன், ஏறுவது நின்றிருந்தது. கொஞ்ச நேரத்தில் இறங்க ஆரம்பித்தது. மாடிக்கு ஓடினேன். கண் கூசுகிற வெயில். அந்த வெயிலில் டேங்கின் நிழல், தூணும் வயிறும் கழுத்துமாக, பலகைகளின்மேல் நீட்டிப் படுத்திருந்தது. நான் ஆனியில் கையால் காட்டிய அதே இடத்தில்.

அந்த நிழலை என்ன செய்ய முடியும்? துடைக்க முடியாது. தள்ள முடியாது. பலகைக்கும் டேங்குக்கும் நடுவில் நின்று நான் வாய்விட்டே திட்டினேன். எதிர் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள்.

நாலு மணிக்குப் பிறகு இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்தது. அப்புறம் மெஷின் நின்றது. அந்தச் சத்தத்துக்கு நாங்கள் அவ்வளவு பழகியிருந்தோம். அது நின்றதும் வீடு காலியாகிவிட்டது போல இருந்தது. சிலிண்டரைத் திறந்தேன். இரவு ஓடியதில் முள் சிவப்புக்குப் பக்கத்தில் இருந்தது. நிறைத்த சிலிண்டருக்குக் கடைக்குப் போன் செய்தேன், ஆளை அனுப்புகிறோம் என்றார்கள். ஆள் வருவதற்குள் சிலிண்டர் தீர்ந்தது.

அவர் கட்டிலில் முன்னால் குனிந்து உட்கார்ந்து, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். உதடு நாவற்பழ நிறத்துக்கு மாறியது. ஒவ்வொரு மூச்சுக்கும் தோள்பட்டை காதுவரை ஏறி இறங்கியது. விரலில் மாட்டும் கருவியை நான் பார்க்கவில்லை. பார்த்து என்ன செய்ய? பயம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது கோபம். ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டு உயரச் சுவரில் மஞ்சள் வெயில் அடித்தது. அதில் எங்கள் டேங்கின் நிழல் மூடியோடு நின்றது. வெளியே அவ்வளவு வெயில் வீணாக அடித்துக்கொண்டிருக்க, உள்ளே இந்த மனிதர் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார்.

ஐந்து மணி தாண்டிக் கரண்டு வந்தது. மெஷின் ஓடியது. வெகுநேரம் கழித்து அவர் என் கையை விட்டார். அவர் பிடித்திருந்த இடம் கன்றிப்போயிருந்தது.

பெரியத்தானுக்குச் சொல்லி அனுப்பினேன். கிறிஸ்மஸுக்குக் கோயிலில் குடில் கட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே ஓடி வந்தார். தம்பியின் நெற்றியைத் தடவினார். நடந்ததைக் கேட்டார். கேட்டுவிட்டு, தாடையைச் சொறிந்துகொண்டு சொன்னார்.

"அந்த டேங்கை இன்னும் ரெண்டடி ஒசத்தியிருக்கணும். அப்பவே நெனச்சேன்."

நான் அதுவரை அவரிடம் குரல் உயர்த்தியதில்லை. "நாளைக்கு அந்த டேங்க் எறங்குது" என்றேன்.

"ஏம்மா, கிறுக்கா பிடிச்சிருக்கு ஒனக்கு?"

"எறங்குது."

அவர் முகம் வெளுத்தது. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "ஒனக்குத் தெரியாது. வள்ளியூர் வீட்டுல எங்க அப்பா கன்னிமூலையில கிணறு தோண்டுனாவ. வருசம் திரும்பல, போயிட்டாவ. இவன் அப்ப என் இடுப்புல இருக்கான். அந்தக் குழிய நான் பாத்திருக்கேன்மா. இவனையும் நான் விட முடியாது."

அவர் அழுதார். எழுபது தாண்டிய மனிதர், சிறுபிள்ளை போலப் புறங்கையால் கண்ணைத் துடைத்தார். இத்தனை வருஷமும் அவர் மேடையில் பேசியதெல்லாம் எதை மறைக்க என்று அப்போது புரிந்தது. பாவமாக இருந்தது. ஆனால் பாவம் பார்த்தால் பேட்டரி நிறையாது. அந்தக் கிணற்றுக் கதையின் மிச்சம் எனக்குத் தெரியும். என் மாமியார் இருந்தபோது சொல்லியிருக்கிறார்.

"உங்க அப்பாவுக்கு மஞ்சக்காமாலை, பெரியத்தான். மாமி எங்கிட்ட சொல்லிருக்காங்க. அப்பா படுக்கையில கெடக்கும்போது வீட்டு ஆம்பளைங்க எல்லாம் சேந்து கிணத்த மூடிட்டு இருந்தாங்களாம். டாக்டர கூப்பிட ஒருத்தர் போகலையாம். இன்னைக்கும் அதுதான் நடக்குது. இவர் மூச்சுக்கு அல்லாடுதாரு, நீங்க டேங்க ஒசத்தணுங்குதீங்க."

பெரியத்தான் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு போனார். கணவர், "அண்ணன் மனசு..." என்று தொடங்கினார். "உங்க அண்ணன் மனசு கரண்டு இல்லாட்டியும் ஓடும். உங்க மெஷின் ஓடாது" என்றேன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்கு அவர்மேல்தான் எல்லோரையும்விட அதிகக் கோபம் என்று அன்றைக்குத் தெரிந்தது. சாகிறவரை அண்ணனுக்கு நல்ல தம்பியாக இருப்பார். எனக்காக ஒரு மூச்சு அதிகம் விடவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

மறுநாள் கொத்தனார் வந்தார். கன்னிமூலைத் தூண் என்றதும் சம்மட்டியைக் கீழே வைத்தார். "அண்ணாச்சி ஒரு வார்த்தை சொல்லட்டும், டீச்சர்." சம்மட்டியை எடுத்து நானே முதல் அடியைப் போட்டேன். காரை கொஞ்சம் பெயர்ந்தது, என் தோள்பட்டை நாலு நாள் வலித்தது. மிச்சத்தை அவர் அடித்தார். டேங்கைப் படிக்கட்டு அறைக்கு வடக்கே, மாடித் தரையிலேயே ஒரு வரிசைக் கல்லின்மேல் இறக்கி வைத்தோம். குழாயில் இப்போது தண்ணீர் நூலாகத்தான் வருகிறது. ஒரு வாளி நிறைவதற்குள் உலை கொதித்துவிடும். கொதிக்கட்டும்.

கிறிஸ்மஸுக்குப் பெரியத்தான் வரவில்லை. புது வருஷத்துக்கும் வரவில்லை. கோயில் விருந்தான அசனத்தில் என்னைக் கண்டவர்கள் குனிந்து சாப்பாட்டு இலையைப் பார்த்தார்கள். மாடியில் நடந்தது சபை முழுவதும் தெரிந்திருந்தது.

தை மாதப் பராமரிப்பு நாளில் அவர் வந்தார். பேப்பரில் தெருவின் பெயரைப் பார்த்திருப்பார். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். மின்விசிறி நின்றிருந்தது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. விசிறியையும் மெஷினையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கரண்டு வந்துட்டா?"

"இல்ல. அஞ்சு மணிக்குத்தான் வரும்."

"அப்ப இது?"

"வெயில்ல ஓடுது."

தம்பியின் மூக்குக் குழாய் லேசாக விலகியிருந்தது. அதைச் சரிசெய்தார். நான்கு மணிக்கு எழுந்தார். வாசல்வரை போனவர் திரும்பி, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "அந்த மூலையில ஒரு செங்கலாவது வச்சிரும்மா. ஒரே ஒரு செங்கல். ஒரு பேச்சுக்கு."

நான் வாயைத் திறப்பதற்குள் கட்டிலிலிருந்து குரல் வந்தது. "வச்சிரேன்." ஒரே மூச்சில் சொன்னார். அவருக்கு அது எவ்வளவு செலவு என்று எனக்குத் தெரியும்.

போய் வைத்தேன். தூண் இடித்ததில் மிஞ்சிய செங்கல்தான். படுக்கவைத்தேன். நிற்கவைக்க எனக்கு மனசில்லை. அதன் நிழல் ஒரு சாண்கூட இல்லை, பலகையின் பக்கமே போகவில்லை. பலகைகள் முழுவதும் வெயில் கிடந்தது. கோபம் மட்டும் அப்படியே இருந்தது.

டாக்டர் எங்களிடம் எதையும் மறைக்கவில்லை. நாரான நுரையீரல் திரும்பப் பஞ்சாகாது. வெயில் அதை ஓட்டிக்கொண்டிருக்கும், குணமாக்காது. ஒருநாள் அவர் போவார். அன்றைக்கு எங்கள் வாசலில் பந்தல் போட்டு, நாற்காலி போட்டு, சபை முழுவதும் வந்து உட்காரும். ஒவ்வொருவராகக் கழுத்தைத் தூக்கி மாடியின் அந்த மூலையைப் பார்ப்பார்கள். மார்கழியில் மெஷின் நின்ற நாளை யாரும் கேட்கமாட்டார்கள். அதற்குப் பிறகு அவர் இழுத்த மூச்சையெல்லாம் யாரும் கேட்கமாட்டார்கள். ஒரு செங்கல்தானே வைத்தாள், இரண்டு வைத்திருந்தால் பிழைத்திருப்பான் என்பார்கள்.